குரல் சரிபார்க்கும் நேரம்

"எங்க தெருவுக்கு பஸ் வர்றதே அவராலதான்க்கா," என்றாள் தையல்காரி. "பஸ் இல்லாம நான் ரெண்டு கிலோமீட்டர் நடக்கறேன்னு சொன்னேன். நம்பலையோ என்னவோ, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு கூடவே நடந்தாரு. பாதி வழியில செருப்பு அறுந்துபோச்சு. கையில தூக்கிக்கிட்டு நடந்தாரே தவிர நிக்கல."

"அந்தச் செருப்பு தைக்காம ஒரு வருஷம் வாசல்ல கிடந்துச்சு," என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

என் கணவர் முப்பத்தோரு வருஷம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்தார். அவர் போய் மூன்று வாரமாகியும் ஆள் வருவது நிற்கவில்லை. மருந்துக்கடைக்காரர் வந்தார்.

"ஏழு மணிச் செய்தியில சார் முகத்தைப் பார்த்தாதான் எங்கம்மா மாத்திரை போடுவாங்க. அவர் லீவு எடுத்தா அம்மாவுக்கு பிரஷர் ஏறிடும்."

"எனக்கும்தான். அவர் லீவு எடுத்து வீட்டுல இருந்தா எனக்கு ஏறிடும்."

இப்படி ஆளுக்கு ஒரு கதை. எல்லாருக்கும் அவர் குரல் காதிலேயே இருக்கிறதாம். இருக்கட்டும். ஆனால் அவர்கள் கேட்டது இஸ்திரி போட்ட குரல். வீட்டில் பேசுகிற குரல் வேறு. பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு, "என்னம்மா, காது கேக்கலையா?" என்று நம்மையே குற்றம் சொல்லும். அந்தக் குரல் என்னிடம் ஒரு துளிகூட இல்லை. மகள் ஒருமுறை செல்போனைத் தூக்கிப் பிடித்தபோது, "ஊரார் வீட்டுக்குள்ள எல்லாம் கேமராவோட நுழையறேன். என் வீட்டுக்குள்ளயாவது அது வேண்டாம்," என்று சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் யாரிடமும் நான் சொல்லாத ஒன்றும் இருந்தது.

அவர் போன அன்று காலை சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக ஒழுகுகிறது. அவரோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்துல பெரிய குழாய் உடைஞ்சிருக்காம், கிளம்பறேன்," என்றார்.

"ஊர்க் குழாய்னா ஓடுவீங்க. வீட்டுக் குழாய்க்கு நான் யார்கிட்ட மனு குடுக்கணும்?"

"நாளைக்குப் பார்க்கறேன்."

"இது சரியாகிறவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க. நானும் பேசல."

"போயிட்டு வரேன்" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் வேலை முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்த மௌனத்தை மனசில் வைத்துக்கொண்டேதான் போனாரா? என்னை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

நான்காவது வாரம் கேமராக்காரத் தம்பி வந்தான். இருபத்திரண்டு வருஷம் அவர் கூடவே திரிந்தவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நினைவு நிகழ்ச்சியாம், பழைய போட்டோ கேட்டான். கொடுத்தேன்.

"தம்பி, எனக்கு ஒண்ணு வேணும். அவர் செய்தி வாசிக்காம, சும்மா பேசினது ஏதாவது இருக்கா?"

முகம் மாறிவிட்டது அவனுக்கு.

"நிறைய இருந்துச்சு அண்ணி. ஒவ்வொரு தடவையும் எடுக்கறதுக்கு முன்னாடி குரல் சரியா பதியுதான்னு பார்ப்போம். மத்தவங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவாங்க. அண்ணன் எண்ண மாட்டாரு. காலையில வீட்டுல நடந்ததைச் சொல்லுவாரு. நீங்க என்ன கேட்டீங்க, இவரு என்ன சொல்லி மாட்டிக்கிட்டாரு..."

"என்னைப் பத்தியா? ஊர் நடுவுலயா?"

"எனக்கு மட்டும்தான் கேக்கும், ஹெட்போனைக் காதுல மாட்டியிருப்பேன். எத்தனை நாள் சிரிச்சு கேமரா ஆடியிருக்கு தெரியுமா?"

"எங்க வெச்சிருக்கே அதையெல்லாம்?"

"வெட்டிட்டேன் அண்ணி. அது செய்தி இல்லையே. தினமும் முதல்ல வெட்டி எறியறதே அதைத்தான்."

இருபத்திரண்டு வருஷக் காலைகள். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் வேலை அது.

"அன்னிக்கு எடுத்தது?" என்றேன்.

பையின் ஜிப்பைத் திறந்தான், மூடினான். பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். "ஆஸ்பத்திரிக்கு ஓடினதுல அன்னிக்கு எடுத்தது பதிவான கேமரா கார்டு பையிலயே கிடந்துச்சு. ஒளிபரப்பவே இல்ல. நான் இன்னும் கேக்கலை அண்ணி. தைரியம் வரலை."

"போடு."

திரையில் நீர்த்தேக்கத்துச் சாலை. பின்னால் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அவர் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் சரி செய்து அனுப்பியிருப்பேன்.

"அண்ணே, குரல் பார்க்கணும். ஏதாவது பேசுங்க." தம்பியின் குரல்.

"என்னத்தப் பேச?" அதே குரல். வார்த்தையை விழுங்குகிற, என் வீட்டுக் குரல். "வீட்டுல பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சுடா. குழாயைச் சரி பண்ணாம பேசக்கூடாதாம். நியாயம்தான். மூணு மாசமா அவ சொல்றா. இன்னிக்கு வாசல் வரைக்கும் போயிட்டு நின்னேன்டா. திரும்பிப் போய் அவகிட்ட நான்..."

"போதும்ணே, குரல் சரியா இருக்கு. போலாம்."

அவர் தொண்டையைச் செருமினார். நிமிர்ந்தார். "வணக்கம். நகரின் குடிநீர்க் குழாய் இன்று அதிகாலை..."

தம்பி சட்டென்று நிறுத்தினான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "நான்தான் அண்ணி போதும்னு சொன்னேன். இன்னும் ரெண்டு விநாடி பேச விட்டிருந்தா..."

"தம்பி, திரும்பிப் போய் என்ன சொல்ல நினைச்சிருப்பாரு?"

"மன்னிப்பு கேக்க நினைச்சிருப்பாரு அண்ணி."

"யாரு, உங்க அண்ணனா? கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை கேட்டதில்ல."

"அப்போ... சாயந்தரம் வந்து சரி பண்றேன்னு?"

"அதை நூறு தடவை சொல்லியாச்சு. அதுக்கா வாசல்ல நிப்பாரு?"

"தெரியலை அண்ணி," என்றான். "சத்தியமா தெரியலை."

அவன் பொய் சொல்லாதது நல்லதாகப் போயிற்று. வாசலில் நின்றாராம். எத்தனை நேரம் நின்றாரோ. நான் சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அவர் காதில் விழுந்திருக்கும்.

"மறுபடி போடு," என்றேன். போட்டான். இன்னொரு தடவை. அதற்கப்புறமும். ஒவ்வொரு முறையும் 'நான்' என்பதில் நான் மூச்சைப் பிடிப்பேன். ஒவ்வொரு முறையும் அவன் குரல் வந்து குறுக்கே விழும். அப்போதெல்லாம் பக்கத்தில் அவன் தலை இன்னும் கொஞ்சம் தாழும்.

"என் குரலை எடுத்துட்டு அண்ணன் பேசறதை மட்டும் காப்பி பண்ணிக் குடுத்துடறேன் அண்ணி."

"வேண்டாம்."

"கேக்கறப்பல்லாம் உங்களுக்கு ஆத்திரம் வரும்."

"வரட்டும். நீ கேட்டதனாலதானே அவர் பேசினாரு? உன்கிட்டதான் பேசிட்டிருக்காரு. உன்னை எடுத்துட்டா அவர் யாரைப் பார்த்துச் சொல்லுவாரு?"

அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து போட்டான்.