தாண்டவராயன் வளைவு

தாண்டவராயன் ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கிய அன்று நல்லேரிப்பட்டு ஊரே திரண்டு வந்து பார்த்தது. பார்த்தவர்களில் ஒருவரைக்கூட அவர் உள்ளே உட்கார விடவில்லை. கன்னங்கரேலென்று நீளமான வண்டி. அதன் முன்பக்கம் எந்நேரமும் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கும். செல்லியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. சீட்டுகளின் மேல் கம்பெனியில் மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறையை மட்டும் அவர் கழற்றவில்லை. உறையைக் கழற்றினால் வண்டி அன்றைக்கே பழசாகிவிடும் என்பது அவர் கட்சி. அவர் வீட்டு சோபா, ஃபிரிட்ஜ் கைப்பிடி, டிவி ரிமோட் எல்லாம் இன்றுவரை உறைக்குள்தான் குடித்தனம் நடத்துகின்றன.

"இன்னா ஸ்பீடுண்ணா போவும்?" என்று கேட்டான் எழிலரசன். அவருக்குச் சித்தப்பா மகன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர்.

"நீ கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள நான் வாலாஜாபாத்ல இருப்பேன்."

"ரோடு நேரா இருந்தா சரி. நம்ம ஏரி ரோட்ல தலை திரும்பி வால் திரும்பறதுக்குள்ள நாம எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

எழிலரசனிடம் இருந்தது சின்னச் சிவப்பு ஹேட்ச்பேக். உருவத்தைப் பார்த்தால் பொம்மை. உள்ளே டர்போ என்ஜின், விறைப்பான சஸ்பென்ஷன், அகல டயர். தாண்டவராயன் அதற்கு மூட்டைப்பூச்சி என்று பெயர் வைத்திருந்தார். எழிலரசனுக்கோ அந்த வண்டியை விட்டால் வேறு பேச்சில்லை. சாவு வீட்டில் பாடை கட்டுகிறவர்களிடம்கூட, முன்னும் பின்னும் எடை சமமாக வருகிறதா என்று கேட்டவன்.

இந்த இரண்டு வண்டிகளும் மோதிப் பார்க்க ஊரில் நாள் குறித்தே வைத்திருந்தார்கள். ஆடிக் கடைசி ஞாயிறு செல்லியம்மனுக்குக் கூழ் வார்ப்பு. அன்று காலை பங்காளிகளான மேலண்டை வீட்டுக்காரரும் கீழண்டை வீட்டுக்காரரும் வாலாஜாபாத் பூக்கடையில் ஆளுக்கொரு மாலை வாங்கி, ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். எந்த மாலை முதலில் வந்து சேருகிறதோ அது அம்மன் கழுத்துக்கு. கொண்டுவந்தவர் தலைக்குப் பரிவட்டம். பிந்திய மாலை வாசலில் நிற்கும் சூலத்துக்கு. வழி நெடுக மாலை அந்த வீட்டு மருமகளின் மடியிலோ கையிலோதான் இருக்க வேண்டும். வேறெங்காவது பட்டால் செல்லாது. மாட்டு வண்டியில் ஆரம்பித்து சைக்கிள், புல்லட், டிராக்டர் என்று வளர்ந்த பக்தி, இப்போது டர்போவில் வந்து நின்றது.

போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் பரிவட்டம் மூட்டைப்பூச்சியோடு கீழண்டை வீட்டுக்குப் போயிருந்தது. மேலண்டை வீட்டு தாண்டவராயன் இந்த வருடமும் தோற்றால் விஷயம் பரிவட்டத்தோடு முடியாது. மகளுக்கு மணிமங்கலத்து ஜீவானந்தம் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார். பேசப் போன இடத்தில் காபி கொஞ்சம் நன்றாக இருந்துவிட்டது போலும். "எங்க ஊர்ல பரிவட்டம்னா அது எங்க வூட்டுக்குத்தான் சம்பந்தி. வேற தலையில கட்டி நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜீவானந்தம் நிதானமான மனிதர். சொன்ன சொல்லைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறவர்.

"அப்ப ஆடிக்கு வந்து கண்ணால பாத்துட்டே நிச்சயத்துக்கு நாள் வச்சிக்கலாம். எனக்குப் பொய் மட்டும் ஆவாது சம்பந்தி. மின்னாடி ஒரு எடம் அதனாலதான் தட்டிப்போச்சு."

திரும்பும் வழியெல்லாம் தாண்டவராயனுக்குக் காபி கசந்தது. அதற்கடுத்த வாரமே செடானுக்கு முன்பதிவு செய்தார்.

ஏரி ரோட்டின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆறு வழிச் சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் அந்த ரோட்டை நேராக்கப் போகிறோம் என்று சில வருடங்களுக்கு முன் அதிகாரிகள் வந்தார்கள். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே இடம் விட்டார்கள். தாண்டவராயன் விடவில்லை. "ஒரு அடிகூட தர மாட்டேன்" என்று கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கி வந்தார். போட வந்தவர்கள் வேறு வழியில்லாமல் அவருடைய கத்தரித் தோட்டத்தைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, களத்தைச் சுற்றி, குடல் மாதிரி ஒரு ரோட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊரார் அதற்குத் தாண்டவராயன் வளைவு என்று பெயர் வைத்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் அதை ஒரு ஸ்டாப்பிங்காகவே ஆக்கிவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே பெயர் நிலைத்துவிட்டதென்று அவருக்கு உள்ளூரப் பெருமை. பிறகு அந்த நிலம் முழுவதையும் ஒரு குடோன் கம்பெனிக்கு விற்றார். அவர்கள் எல்லைக்கல்லை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பினார்கள். செடான் வந்தது அந்த நிலம் விற்ற பணத்தில்தான்.

கூழ் வார்ப்பு அன்று காலை, வாலாஜாபாத் பூக்கடை வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. சம்பங்கியும் அரளியும் கலந்து கட்டிய ஆளுயர மாலைகள். தாண்டவராயனின் மனைவி சசிரேகா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். ஏறிய வேகத்தில் அந்தப் பக்கத்துக் கதவு வரை வழுக்கிக்கொண்டு போனாள்.

"இந்தக் கவரையாவது கழட்டித் தொலைங்க. பட்டு வழுக்குது."

"நிச்சயத்தன்னிக்கு சம்பந்தி வூட்டார் உக்கார்றப்ப கழட்டிக்கலாம்."

"அப்ப நான் யாரு வூட்டு ஆளு?"

"பெல்ட்டைப் போட்டுக்க."

"பெல்ட்டும் கவருக்குள்ளதான கீது."

அந்தப் பக்கம் எழிலரசனின் மனைவி முத்துச்செல்வி முன்சீட்டில் சாதாரண நூல் புடவையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கம்பெனி வேலைக்கு வந்து, அதே லைனில் இருந்த எழிலரசனைக் கட்டிக்கொண்டவள்.

"அக்கா, நீங்களும் முன்னால வந்து உக்காரலாம்லா?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"முன்னாடி சீட்டுல அவரு துண்டு கீது செல்வி" என்றாள் சசிரேகா.

பூக்கடைக்காரர் கையசைத்தார். வண்டிகள் கிளம்பின.

ஆறு வழிச் சாலையில் ஏறியதும் தாண்டவராயன் ஸ்போர்ட் என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினார். வண்டி ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு அவரை சீட்டோடு சேர்த்து அமுக்கியது. ஓரமாக நிறுத்தியிருந்த கண்டெய்னர் லாரிகள், இரவு ஷிப்ட் முடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள், குடியிருப்பு மனை விளம்பரத் தட்டிகள் எல்லாம் பின்னால் ஓடின. கண்ணாடியில் சிவப்பு வண்டி குங்குமப்பொட்டு அளவுக்குச் சிறுத்தது. பிறகு அதுவும் அழிந்தது. சம்பந்தியிடம் என்ன சொல்லலாம் என்று யோசிக்கக்கூட அவருக்கு நேரம் இருந்தது. தலையில் பரிவட்டம் இருக்கும்போது அதிகம் பேசக்கூடாது, சும்மா சிரித்தால் போதும் என்று முடிவு செய்து, அந்தச் சிரிப்பை அதே கண்ணாடியில் ஒருமுறை பார்த்தும் கொண்டார்.

ஊர் ரோட்டில் திரும்பினார். முதலில் கத்தரித் தோட்டத்து வளைவு.

நேர் ரோட்டில் ராஜாவாக வந்த வண்டி, வளைவைக் கண்டதும் கல்யாண வீட்டில் வழி கேட்கும் பெரிய மனிதர் மாதிரி தடுமாறியது. பிரேக்கை மிதித்தால் எடையெல்லாம் மூக்குக்கு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு மட்டும் திரும்பியது. பின்பக்கம் இன்னும் வாலாஜாபாத்தை நினைத்துக்கொண்டிருந்தது. வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரைத் தொட்டாரோ இல்லையோ, இத்தனை நேரம் அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் சேர்த்து அது பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் அடுத்த வளைவு நின்றது. திரும்பவும் பிரேக். உள்ளே ஏதேதோ மஞ்சள் விளக்குகள் எரிந்து, கீக் கீக்கென்று கத்தின. பின்சீட்டில் சசிரேகா மாலையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்தபடி வலது கதவுக்கும் இடது கதவுக்கும் போய்ப் போய் வந்தாள்.

"மெதுவாப் போங்க."

"மெதுவாப் போனா அவன் வந்துடுவான்."

"வந்துட்டான்" என்றாள் சசிரேகா.

கண்ணாடியில் குங்குமப்பொட்டு வளர்ந்துகொண்டே வந்தது. அந்தக் குட்டி வண்டி வளைவைப் பார்த்து நிற்கவே இல்லை. நாய்க்குட்டி எலி வளையில் மூக்கை நுழைப்பது போல உள்ளே நுழைந்து, நுழைந்த வேகத்திலேயே வெளியே வந்தது. அதற்குத் தூக்கிக்கொண்டு வர எடையும் இல்லை, இழுத்துக்கொண்டு வர வாலும் இல்லை. கிணற்று வளைவில் எழிலரசனின் பல் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. தாண்டவராயனுக்கு ஆத்திரமாக வந்தது. ரோடு போட்டவனுக்கு அறிவே இல்லை, இப்படியா ஒரு மனுஷன் போடுவான் என்று திட்டினார். போடவிடாதவர் யார் என்பது அந்த நேரத்தில் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

மிச்சம் இருந்தது களத்து வளைவு. மூன்றிலும் கெட்டது அதுதான். ஓர் அங்குலத்தைக்கூட விடக்கூடாதென்று களத்தின் மூலையில் தாண்டவராயனே நின்று கயிறு பிடித்துக் காட்டியதால், ரோடு அங்கே மடித்துவிட்டது போல இருக்கும். செடான் மடியவில்லை. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியும் நேராகவே போய், குடோன் மதிலில் திறந்திருந்த கேட்டுக்குள் மூக்கை நீட்டி, குறுக்குத் தடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அவருக்குப் பின்னால் சிவப்பு வண்டி வளைவின் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு திரும்பியது. முத்துச்செல்வி கையை உயர்த்திக் காட்டினாள். அது மரியாதையா நக்கலா என்று தாண்டவராயனுக்குப் பிடிபடவில்லை. சசிரேகாவுக்குப் பிடிபட்டது.

செக்யூரிட்டி உடையில் ஓர் ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினான். சுடலை என்று சட்டையில் பெயர் இருந்தது.

"சார் எங்க போணும்?"

"எங்கயும் போவல. வண்டி திரும்பல."

"உள்ள வரணும்னா பாஸ் வேணும் சார்."

"யோவ், இது என் களம்யா. எங்க அப்பன் நெல்லு அடிச்ச எடம்."

"இருக்கட்டும் சார். பாஸ் இருக்கா?"

பின்னால் ஒரு குடோன் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்த நீளத்தைப் பின்னால் எடுத்துத் திருப்ப, சுடலைதான் விசில் ஊதி, லாரியை ஒதுக்கி, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, போதும், முன்ன போங்க, திரும்பவும் வாங்க" என்று பாடம் நடத்தினான். சொந்த நிலமாக இருந்த காலத்தில்கூட அங்கே அவர் இத்தனை முறை முன்னும் பின்னும் நடந்ததில்லை.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மன் கழுத்தில் கீழண்டை வீட்டு மாலை ஏறியிருந்தது. எழிலரசன் தலையில் பரிவட்டம். பந்தலில் முதல் நாற்காலியில் வெள்ளை வேட்டியில் ஜீவானந்தம்.

"வாங்க சம்பந்தி" என்றார் அவர். "வேற தலையில கட்டி நீங்க பாத்ததில்லன்னு சொன்னீங்க. அதான் லேட்டா வந்தீங்களா, பாக்கக்கூடாதுன்னு?"

தாண்டவராயன் பரிவட்டத்தோடு சிரிக்க வைத்திருந்த சிரிப்பைப் பரிவட்டம் இல்லாமலேயே சிரித்தார்.

"இந்த ஒரு வாட்டிதான் சம்பந்தி. ரோடு சரியில்ல. எவனோ ஒருத்தன் எடம் விடாம கோணலாக்கி வச்சிருக்கான்."

"நானும் அந்த வழியாத்தான் வந்தேன். எனக்கும் குடல் பெரண்டு போச்சு. யாரு அந்தப் புண்ணியவான்?"

பந்தலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டிகள்கூட நின்றன. எழிலரசன் பரிவட்டத்தைச் சரிசெய்வது போலக் கையால் வாயை மறைத்துக்கொண்டான்.

"ஏன் அத்தான், போர்டு எல்லாம் வைக்கலயா?" என்றாள் முத்துச்செல்வி. "ஆட்டோக்காரங்க பேரு சொல்லித்தான எறக்கி விடுதாங்க."

சசிரேகா கலைந்த கொண்டையோடு, கசங்காத மாலையைச் சூலத்தில் சார்த்திவிட்டு வந்தாள்.

"அந்த வளைவு எங்க வூட்டுதுதான் சம்பந்தி. எடம் விடாதது இவருதான். பரிவட்டம் போன வருசமும் அவங்களுக்கு, அதுக்கு மின்னாடியும் அவங்களுக்கு. இன்னிக்கு மாலை மட்டும் கீழ படாம வந்தது. அது என் பொறுப்பு, செஞ்சிட்டேன்."

ஜீவானந்தம் அவளையும் தாண்டவராயனையும் மாறி மாறிப் பார்த்தார். தாண்டவராயன் பந்தல் கீற்றை எண்ணுவது போல அண்ணாந்து நின்றார்.

"பொண்ணு யாரு மாதிரிம்மா?"

"என்னை மாதிரின்னுதான் எல்லாம் சொல்லுவாங்க."

"அப்ப நிச்சயம் பண்ணிக்கலாம்" என்றார் ஜீவானந்தம். "ஒண்ணே ஒண்ணு. எங்க ஜனம் பூரா பஸ்ஸுல வரும். அந்தக் களத்து மொனையில பஸ் திரும்பாது. அதை நேராக்கிட்டு நாள் சொல்லி அனுப்புங்க, வரோம்."

மறுநாளே தாண்டவராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடோனுக்குப் போனார். செடானைக் கத்தரித் தோட்டத்து வளைவுக்கு முன்பே நிறுத்திவிட்டு நடந்தார். ரோட்டுக்காக மூலையில் கொஞ்சம் இடம் விட வேண்டும், பொது நன்மை, எல்லாரும் விட்டுக்கொடுத்தால்தானே ஊர் முன்னேறும் என்று கேட்டுக்கு வெளியில் நின்றே விரிவாகச் சொன்னார். பாஸ் இல்லாததால் சுடலைதான் உள்ளே போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

"முடியாதாம் அண்ணாச்சி. ஒரு அடிகூடத் தர மாட்டாங்களாம். கோர்ட்டு ஸ்டே இருக்குன்னு சொல்லச் சொன்னாரு."

"எவன்யா வாங்குனது?"

"நீங்க வாங்குன ஸ்டேதானாம். நெலத்தோட சேத்து அதையும் வாங்கியாச்சாம்லா."