குளியலறை வாசலில் ஒரு ஸ்டூல்

காலை எட்டு மணிக்கே சித்தி வந்து இறங்கிவிட்டாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“பத்து மணிக்கு அந்த அதிகாரியம்மா வர்றாங்க. வீடு இப்படிக் கிடக்கு. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“இருக்கிறபடி நினைச்சுட்டுப் போகட்டுமே சித்தி.”

“ஆமா, போகட்டும். உங்கம்மா இருந்தா இப்படி விட்டிருப்பாளா?”

அம்மா போன இந்த நாலு மாதமாக, வரும்போதெல்லாம் சித்தி கேட்கும் கேள்வி அது. அக்கா துடைப்பத்தை எடுத்துச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவளை அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவன் அவள் தம்பி ஒருவன்தான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும், அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பவர்களுக்கும்கூட அவள் அக்காவாகவே ஆகிவிட்டாள். தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாத்தியார். வயது முப்பத்தொன்று. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்துவான். வாஷிங் மெஷின் என்றால் அவனுக்கு உயிர். எந்த வீட்டில் மெஷின் பாதியில் நின்றாலும் “வாத்தியாரைக் கேளுங்க” என்பார்கள். மெஷினின் சின்னத் திரையில் என்ன எழுத்து மின்னுகிறது என்று சொன்னால் போதும். தண்ணீர் போகும் குழாயில் அடைப்பா, கதவு சரியாகச் சாத்தவில்லையா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவான். கூடவே, “இதைப் போன மாசம் பதினாலாம் தேதியும் சொன்னேன்” என்றும் சேர்த்துக்கொள்வான்.

அவனுக்கு ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் சொன்னது இருபத்தொன்பதாவது வயதில்தான். அதுவரை அவன் ‘ஒரு மாதிரி’, அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு மாத்திரை எத்தனை நாளைக்குச் சாப்பிடணும்?”

“மாத்திரை கிடையாதும்மா. இது அவர் இருக்கிற விதம். ஆனா அவருக்கும் உங்களுக்கும் ஒத்தாசைக்கு ஆள் வேணும். அரசு உதவிக்கு விண்ணப்பம் போடுங்க, வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க” என்றார் டாக்டர்.

வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் அம்மா ஒரு வாரம் அவனைத் தயார் செய்தாள். தேய்த்த சட்டை. கை குலுக்கணும். காதைப் பொத்தக் கூடாது. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லணும். அக்காவும் சும்மா இருக்கவில்லை. கடையிலிருந்து வந்ததும் மூக்குக்கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். அந்த நாள் வந்தபோது, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா முந்திக்கொண்டு, “அதெல்லாம் அவனே பண்ணிப்பான்” என்றாள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ‘தற்சமயம் உதவி தேவைப்படவில்லை.’ அம்மாவுக்கு அது பரீட்சை முடிவு மாதிரி. “என் பிள்ளை பாஸ்” என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அந்த ஸ்டூல் எதற்கு என்று அக்காவுக்குத் தெரிந்தது அம்மா போன மூன்றாம் நாள்தான். குளியலறைக் கதவுக்கு வெளியே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் கிடக்கும். துண்டு வைக்க என்று நினைத்திருந்தாள். அன்றைக்குப் பத்தரைக்கு வாத்தியார் குளிக்கப் போனான். பதினொன்றரை ஆகியும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. கதவைத் தட்டித் திறக்கவைத்தால், ஷவருக்கு அடியில் அப்படியே நிற்கிறான். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது.

“ஏண்டா வெளியே வரலை?”

“அடுத்தது சொல்லலை.”

“எதுக்கு அடுத்தது?”

“ஒண்ணு, தண்ணி திற. ரெண்டு, கையை வெச்சுப் பாரு. மூணு யாரும் சொல்லலை.”

பன்னிரண்டு படிகள். அம்மா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, உள்ளே அவன் ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறான். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு, “எப்பவும்” என்றான். அந்த நேரத்தில் அக்கா கடையில் இருப்பாள். விடுமுறை நாளில்கூட, பத்து மணியானால், “காய்கறி தீர்ந்துபோச்சு, ஒரு எட்டு போய்ட்டு வா” என்று அம்மா பையைக் கையில் கொடுத்துவிடுவாள். மகளிடம்கூட மறைத்திருக்கிறாள். மகன் மானத்தைக் காப்பாற்றினாளா, தன் மானத்தையா என்று இனிமேல் கேட்க முடியாது.

அன்றிலிருந்து ஸ்டூலில் அக்கா உட்கார்ந்தாள். ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. பன்னிரண்டாவது, துண்டால் துடைப்பது. அது முடிந்து சட்டை மாட்டிய பிறகும் அவன் கதவுக்குப் பின்னால் அப்படியே நிற்பான். ஆறேழு நிமிஷம் கழித்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவான். ஏனென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். நாலு மாதம் பொறுத்தார். “ஒண்ணாம் தேதி வந்துடு அக்கா. இல்லைன்னா நான் வேற ஆள் பார்க்கணும்” என்று போன வாரம் சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டு வாடகை கிடையாது. வேலைக்குப் போனால் வாத்தியாருக்கு ஆள் கிடையாது. ஒரே அறையில் எட்டுப் பேரைப் படுக்கவைக்கும் விடுதி ஒன்றைச் சித்தி விசாரித்துவைத்திருந்தாள். அடுத்த வீட்டு மிக்ஸிக்கே காதைப் பொத்திக்கொள்கிறவன் அவன். அதனால்தான் அக்கா மறுபடியும் விண்ணப்பம் போட்டாள்.

ஒன்பதரைக்கு அக்கா எட்டிப் பார்த்தபோது, சித்தி நாற்காலிமேல் ஏறிப் பரணில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். நீலக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“சித்தி, அது அவனுக்கு...”

“தெரியும். வர்றவங்க பார்த்துட்டு, இவ்வளவு பெரிய ஆளுக்குக் குளிக்கத் தெரியாதான்னு கேட்டா எங்கே கொண்டுபோய் முகத்தை வெச்சுக்கிறது? அவங்க போனதும் எடுத்துக்கலாம்.”

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரைக்குள் முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதிகாரியம்மா மூச்சு வாங்க வந்தார். தோளில் கனமான பை, கையில் தடித்த ஃபைல்.

“பத்து நிமிஷம் லேட்” என்றான் வாத்தியார்.

“ஆமாங்க சார். லிஃப்ட் ஓடலை. ஆறு மாடி ஏறி வர்றேன்.”

“அஞ்சு.”

“என் முட்டிக்கு ஆறு” என்றார் அவர். வாத்தியார் யோசித்துவிட்டு, அதை விட்டுவிட்டான்.

அவர் ஃபைலைப் பிரித்தார். “போன தடவை எழுதினதுல சாப்பாடு, துணி, குளியல் எல்லாத்துக்கும் ‘தானே செய்கிறார்’னு இருக்கு. இப்ப ஏதாவது மாறியிருக்கா?”

“ஒண்ணும் மாறலைங்க” என்றாள் சித்தி, பிஸ்கட் தட்டை நகர்த்தியபடி. “தங்கமான பிள்ளை. யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது.”

அதிகாரியம்மா அக்காவைப் பார்த்தார்.

கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பத்தில் மூன்று பேர் ஏமாற்றுவார்கள். காத்திருக்கும்போதே கடைசி வரி எழுத்துகளை மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அக்கா அட்டையை மாற்றிவிடுவாள். “இது பரீட்சை இல்லைங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இல்லாட்டி பாஸாகிட்டு, தப்பான கண்ணாடியைப் போட்டுட்டுச் சுவத்துல போய் முட்டிப்பீங்க” என்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லும் வசனம். அது இப்போது ஞாபகம் வந்தது. ஆனால் எதிரே தம்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு, இவனுக்கு இது முடியாது, அது முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

“கொஞ்சம் சொல்லிக்கொடுக்கணும்” என்றாள்.

“கொஞ்சம்னா எவ்வளவு?”

அவள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தில் பத்தரை. வாத்தியார் எழுந்து, கொடியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு நடையில் திரும்பினான்.

“ஸ்டூல் இல்லை.”

சித்தி பிஸ்கட் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

“ஸ்டூல் இல்லை. ஸ்டூல் இல்லை. ஸ்டூல் இல்லை.” குரல் ஏறிக்கொண்டே போனது. பிறகு நெற்றி சுவரில் மோதும் சத்தம், ஒரே தாளத்தில்.

“ஒண்ணும் இல்லைங்க, விளையாடுறான்” என்றாள் சித்தி. சிரிக்கவும் முயற்சி செய்தாள்.

“விளையாடலை” என்றாள் அக்கா.

ஓடிப்போய்ச் சுவருக்கும் அவன் நெற்றிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். “எடுத்துத் தர்றேன்டா. பரண்ல இருக்கு. நாங்கதான் எடுத்து ஒளிச்சு வெச்சோம். தப்பு எங்க மேல.” மோதல் நின்றதும் நாற்காலிமேல் ஏறி ஸ்டூலை இறக்கினாள். அதன் இடத்தில் போட்டாள். அவன் அதை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அக்கா உட்கார்ந்தாள். கூடத்துக்குக் கேட்கும் என்று தெரிந்தே குரலை உயர்த்திச் சொன்னாள்.

“ஒண்ணு. தண்ணி திற.”

கூடத்தில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. தலை, ஷாம்பூ, கண்ணை மூடு.

“ஏழு. கால்.”

“ஏழு முதுகு!” என்று உள்ளேயிருந்து அதட்டல். “எட்டுதான் கால். தினமும் மாத்துற.”

“சரிடா வாத்தியாரே. ஏழு, முதுகு.”

பன்னிரண்டும் முடிய இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. பிறகு அவன் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றான். அக்கா கூடத்துக்குத் திரும்பி வந்தாள். சித்தி பிஸ்கட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உங்கம்மா தினமுமா இப்படி உட்கார்ந்தா?” என்றாள். “ஃபோன்ல தினம் அரை மணி நேரம் பேசுவாளே. ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட.”

வாத்தியார் ஈரத் தலையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். அதிகாரியம்மா நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“சார், அந்த ஸ்டூல்ல யார் உட்கார்ந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்?”

“அம்மா” என்றான். பிறகு, “அம்மா செத்துட்டாங்க. அதனால அம்மா முடியாது. அக்காவுக்கு ஏழும் எட்டும் மாறிடுது. அக்கா வேலைக்கும் போகணும். அதனால வேற ஒருத்தர். மெதுவாச் சொல்லணும். சீக்கிரம்னு சொல்லக் கூடாது. செண்ட் போடக் கூடாது. எல்லாத்தையும் நான் எழுதித் தர்றேன்” என்றான்.

“தாங்க” என்று ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்துக் கொடுத்தார் அவர்.

அவன் எழுதத் தொடங்கினான். அவர் அக்காவிடம், “ரொம்ப மோசமான ஒரு நாளைப் பத்திச் சொல்லுங்கம்மா. நல்ல நாளைத்தான் போன தடவை சொல்லியாச்சே” என்றார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். “சொல்லட்டுமாடா?”

“சரியாச் சொல்லு” என்றான் அவன், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொன்னாள். தீ எச்சரிக்கை மணி அடித்த அன்றைக்கு அலமாரிக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததை, “நாலு மணி நேரம்” என்று அவன் திருத்தினான். தட்டில் வைத்தாலொழியப் பசி தெரியாது என்பதை, “தண்ணித் தாகமும்” என்று முடித்துக்கொடுத்தான். காட்டிக்கொடுக்கிறோமே என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்கோ விஷயம் சரியாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான் கவலை. கிளம்பும்போது அதிகாரியம்மா அவன் மடித்துக் கொடுத்த தாளை வாங்கி ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வாரத்தில் ஆறு நாள், காலையில் மூன்று மணி நேரம் ஓர் ஆள். மாடி மாடியாகப் போய்ச் சொல்ல யாரும் இல்லை. சித்திதான் ஃபோனில் அழுதாள்.

ஒன்றாம் தேதி வந்த உதவியாளர் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டைக் குரல். மெதுவாகப் பேசுவதற்கே மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் என்பதால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அக்கா பதினொரு மணி வரை வீட்டில் இருந்தாள். பத்தரைக்கு அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து, வாத்தியார் எழுதிய தாளின் நகலை முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டார். பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஏழு, முதுகு. எட்டு, கால். பிசகவில்லை.

“பன்னெண்டு. துண்டு.”

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெட்கப்பட்டது போலிருந்தது. பிறகு, எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே, கட்டைக் குரலில் படித்தார்.

“பதிமூணு. ‘முடிஞ்சுது ராஜா. வா.’”

தாழ்ப்பாள் உடனே திறந்தது.

கிளம்பிய அக்கா திரும்பி வந்தாள். வாத்தியார் வந்தான். முகம் தெளிந்திருந்தது.

“பதிமூணுன்னு ஒண்ணு இருக்குன்னு என்கிட்ட ஏண்டா சொல்லலை?”

“பன்னெண்டுலயே நீ எழுந்து போயிடுற. நீ கேட்கவும் இல்லை.” கடிகாரத்தைப் பார்த்தான். “மணி பதினொண்ணு ரெண்டு. ரெண்டு நிமிஷம் லேட், அக்கா.”

“போறேன்டா” என்று சொல்லிவிட்டு, இறங்கிப்போக அவளுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் ஆயிற்று.