ஒரு நூல்தானே

கட்டில் குமிழை நான் உடைக்கவில்லை. பல்பு மாற்றுவதற்காக அதன் தலையில் ஒரு காலை வைத்தேன். மீதியை அதுவே பார்த்துக்கொண்டது.

நாலு மூலைக்கும் நாலு குமிழ். தச்சு வேலை செய்யும் என் மைத்துனன், தன் அக்கா கல்யாணத்துக்கு முப்பது வருடத்துக்கு முன்னால் அவன் கையாலேயே கடைந்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறான். பார்த்துவிட்டுத் திட்டினாலாவது பரவாயில்லை. திட்ட மாட்டான். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு "பரவாயில்ல மச்சான்" என்பான். அதைத் தாங்குகிற உடம்பு எனக்கில்லை.

ஓய்வு பெற்ற ஜோரில் ஒரு சின்ன கடைசல் இயந்திரம் வாங்கி வைத்திருந்தேன். உடைந்த குமிழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று கடைந்தேன். மரச்சுருள் முழங்கால் வரை குவிந்தது. இடுப்பில் இரண்டு வளையம், உச்சியில் மொட்டு. என்னைப் பெற்றவர்கள்கூட என்னை இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யவில்லை.

ஆனால் குமிழின் அடியில் இருக்கும் முளை, கட்டில்கால் துளைக்குள் இறங்க மாட்டேன் என்றது.

என் மனைவி தையல்காரி. மெஷினை விட்டு எழுந்து வந்து அழுத்திப் பார்த்தாள். "ஒரு நூல் குறைச்சா உக்காந்திடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குறைத்தேன். உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் லொடலொடவென்று ஆட்டமும் போட்டது.

கை தவறிவிட்டது போல என்று இரண்டாவதைக் கடைந்தேன். முளை இறுக்கம். "ஒரு நூல்தானே, குறைங்க." குறைத்தேன். ஆட்டம். மூன்றாவதும் அப்படியே. இப்படி நாற்பது குமிழ் கடைந்தேன். சரி, ஆறு. கண்ணில் தூசி, காதில் தூசி, காப்பியில் தூசி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறாவதும் துளைக்குள் கிலுகிலுப்பை மாதிரி ஆடியபோது வீட்டில் வேறு மரமில்லை. உளியைத் தூக்கி எறிந்தேன். அதுகூட மரச்சுருளில் மெத்தென்று விழுந்து என்னை அவமானப்படுத்தியது.

"நீ சொன்ன மாதிரிதானே ஒரு நூல் எடுத்தேன்! இதோ பார், அளந்து எடுத்தேன்!"

அவள் அளவுகோலை வாங்கிப் பார்த்தாள். "இதுவா நூல்?"

"அங்குலத்துக்கு எட்டு நூல். மரக்கடைல எல்லாருக்கும் தெரியும்."

"இந்த நூல்ல சட்டை தைச்சா யானைக்குத்தாங்க போடணும்." தன் நூல்கண்டிலிருந்து ஓர் இழையை இழுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "நான் சொன்னது இது."

நான்கு நாள். ஆறு குமிழ். ஓர் இழை!

அந்த நூலையே முளையில் நெருக்கமாகச் சுற்றி, பசை தடவி, துளையில் வைத்து ஒரு குத்து குத்தினாள். பாறை மாதிரி நின்றது. நான் பழுப்பு ஷூ பாலிஷ் போட்டு நிறத்தைச் சரிக்கட்டினேன்.

மறுநாள் வந்த மைத்துனன் பையைக்கூட இறக்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போனான். ஒவ்வொரு குமிழாகப் பிடித்து ஆட்டினான். பழைய மூன்றும் ஆடின. நாலாவது அசையவில்லை.

"அக்கா! மச்சான் கட்டில்ல கை வெச்சாரா?"



"ஏன்டா?"

"இது ஒண்ணுதான் என் வேலை. எப்படி நிக்குது பாரு! மத்த மூணும் யாரோ கத்துக்குட்டி கடைஞ்சது."

அந்த ஒன்றுதான் என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் உடைத்ததையும் சொல்லவேண்டும். வாயை மூடினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்னைக் கேட்டா? அதோ நிக்கிறாரே, அவரையே கேளு" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான்.

"பரவாயில்ல மச்சான்."