இடது பக்கத்து லிவர்

படகை என் அண்ணனுக்குக் கொடுத்துவிடுவதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மச்சான், நீங்களே எடுத்துக்கங்க. இனிமே எனக்கெதுக்கு அது?"

அவருக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அண்ணன், "நீங்க சொன்னா சரி மாப்ளே" என்று ஒரு சுளையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான். அதோடு விஷயம் முடிந்தது.

பைக்கிலிருந்து விழுந்ததில் அவருக்கு வலது தோளில் நரம்பு அறுந்துவிட்டது. கை இருக்கிறது, ஆனால் சட்டைக்குள் சும்மா தொங்குகிறது. இனி அது திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது அவர் அழவில்லை. படகைத் தூக்கிக் கொடுத்தார். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அது ஒன்றும் பெரிய கப்பல் இல்லை. நாலு பேர் உட்காரும் பழைய ஃபைபர் படகு, பின்னால் ஒரு இன்ஜின், நடுவில் கார் போல ஸ்டீரிங். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ட்ரெய்லர் மேல் நின்றது. ஊரில் மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்குவார்கள். இவர் உப்புத்தாளை வைத்துக்கொண்டு அதன் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டிருப்பார். வாரம் முழுக்கக் குடிநீர் வாரிய ஆபீசில் அடுத்தவர் வீட்டுக் குழாய்ப் புகாரைக் கேட்கிற மனுஷனுக்கு அதில் என்ன சந்தோஷமோ. மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவருக்கு மானப் பிரச்சினை. பெயின்ட், பம்ப், வயரிங், எல்லாம் அவர் கைதான்.

எனக்கு இருந்த ஒரே வேலை டார்ச் பிடிப்பது.

"எங்க பிடிக்கிற? இங்க பிடி. என் கண்ணுல அடிக்காத!"

புருஷனுக்கு டார்ச் பிடித்த பெண்களுக்கு இது புரியும். எந்தப் பக்கம் பிடித்தாலும் தப்புதான். ஆனால் பிடித்துப் பிடித்தே அந்தப் படகின் உள்ளும் புறமும் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. அதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. டி.வி. முன்னால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். சத்தம் போட்டுப் பேசுகிற மனுஷன் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் காலை துணி உலர்த்தும்போது படகுக்குள் எட்டிப் பார்த்தேன். படகின் வலது பக்கச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் லிவர் இருந்தது. முன்னால் தள்ளினால் படகு முன்னே போகும், பின்னால் இழுத்தால் பின்னே வரும். வலது கை லிவரில், இடது கை ஸ்டீரிங்கில் என்று செய்துவைத்திருக்கிறார்கள். இடது கை மட்டும் உள்ளவன் லிவரைத் தொட வேண்டுமென்றால் ஸ்டீரிங்கைத் தாண்டி வளைந்து கூத்தாட வேண்டும். கோளாறு இவரிடம் இல்லை, லிவர் இருக்கிற இடத்தில்தான் என்று எனக்குப் பட்டது. ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே உள்ளே ஓடினேன்.

"என்னங்க, அந்த லிவரை இந்தப் பக்கம் மாத்திட்டா என்ன?"

"மாத்துறதுக்கு அது என்ன சட்டைப் பட்டனா?"

"உங்க சட்டைப் பட்டனையும் நான்தான மாத்தினேன்?" அவர் ஒரு கையால் போட்டுக்கொள்ளும்படி எல்லாச் சட்டைக்கும் அழுத்துப் பட்டன் தைத்துக் கொடுத்திருந்தேன். திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பதுதான் என் தொழில்.

"மச்சானுக்குக் கொடுத்தாச்சு. பேச்சுன்னா பேச்சுதான். விடு."

நான் விடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, படகுல கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சு வெக்கிறேன். அப்புறமா ஒரு ஞாயித்துக்கிழமை ஏரில ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போ."

"உனக்கெதுக்கும்மா இந்த வேலை? நான் மெக்கானிக்கை வெச்சுப் பாத்துக்கறேன்." என் அண்ணன் பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிற ரகம்.

"குடுக்கிற பொருளைச் சுத்தமா குடுக்கணும்ல?" என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய். என் கணக்கு வேறு. இவரை ஒரே ஒரு தடவை அந்த ஸ்டீரிங் முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும். உட்கார்ந்து ஓட்டிவிட்டால் படகும் போகாது, இவரும் டி.வி. முன்னால் கரைந்து போக மாட்டார். அண்ணனிடம் நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

தையல் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் தினமும் படகுக்குள் ஏறிவிடுவேன். டிரில் முதல் நாள் என் சொல் பேச்சுக் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடி, பெயின்ட்டில் நீளமாக ஒரு கோடு போட்டது. லிவர் பெட்டியைக் கழற்றிய இடத்தில் இருந்த ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்தது. ஃபைபர் துணி வெட்டுவது எனக்குப் பால் குடிக்கிற மாதிரி. ஆனால் அதற்குப் பூசும் ரெசின் பசையில் இறுகுவதற்கான மருந்தை அதிகமாக ஊற்றிவிட்டேன். பிரஷ்ஷை எடுப்பதற்குள் டப்பாவிலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. கையை உதறிக்கொண்டு நின்றபோது ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது தெரிந்தது.

"மருந்து கூடிப்போச்சு. சொட்டுச் சொட்டா விடணும்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். ஜன்னல் மூடிக்கொண்டது.

மூடினால் மூடட்டும். திறந்ததே, அது போதும்.

லிவரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பழைய கேபிள்கள் இடது பக்கத்துக்கு எட்டவில்லை. தையல் டேப்பால் வளைவெல்லாம் சேர்த்து அளந்து, தையலுக்கு விடுகிற மாதிரி கொஞ்சம் கூட்டிப் புது கேபிள் வாங்கினேன். ஒரு கையால் ஸ்டீரிங்கைச் சுழற்ற அதன் மேல் ஒரு குமிழ் வைத்தேன். ஏறும்போது பிடித்துக்கொள்ள இடது பக்கம் ஒரு கைப்பிடி. லைஃப் ஜாக்கெட்டின் ஜிப்பில் ஒரு பெரிய வளையம் மாட்டினேன், ஒரு விரலை விட்டே இழுத்துவிடலாம். ஒவ்வொன்றையும் செய்து முடித்துவிட்டுச் சாப்பிடும்போது அவரிடம் சொல்வேன். "ம்" என்பார். "ம்" என்றாலும் அடுத்து என்ன என்று காத்திருக்கிற "ம்" அது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கடைசியில் லிவர் பெட்டியை இடது சுவரில் மாட்டினேன். ஸ்டீரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, போனை வாயில் கவ்வி வெளிச்சம் காட்டிக்கொண்டு நட்டு முடுக்கினேன். எச்சில் கன்னத்தில் வழிந்தது. திடீரென்று போன் வாயிலிருந்து உருவப்பட்டது. படகுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். போனைப் பையில் போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பெரிய டார்ச்சை அதே இடது கையால் எடுத்தார்.

"முடுக்கு" என்றார்.

முடுக்கினேன். வெளிச்சம் நட்டில் விழவில்லை, என் மூக்கில் விழுந்தது.

"எங்க பிடிக்கிறீங்க? இங்க பிடிங்க! என் கண்ணுல அடிக்காதீங்க!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் டார்ச்சை நகர்த்தினார். அந்தப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கத்திவிட்டேனே, கை சரியில்லாதவரிடம் போய் இப்படிக் கத்தலாமா என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் இன்ஜின் சூடேறாமலிருக்கக் குழாய்த் தண்ணீர் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். லிவரை அசைத்ததும் பின்னால் காற்றாடி சுற்றியது. என் கடையில் தைக்கிற பெண்களுக்கெல்லாம் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். எந்தப் பக்கமாகச் சுற்றியது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு சாயங்காலம் கடையிலிருந்து வரும்போதெல்லாம் மதில் சுவருக்குப் பின்னால் 'டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர் படகில் உட்கார்ந்திருந்தார். இடது கை லிவரில் இருந்தது, முன்னால் தள்ளுவார், பின்னால் இழுப்பார். படகிடம் விடைபெறுகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் நன்றாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு அண்ணன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தான். படகைத் தண்ணீரில் இறக்கி, பலகைத் துறையை ஒட்டிக் கட்டினோம். அதன் மூக்குக்கு நேர் எதிரே கரைச் சுவர், சுவரில் பழைய டயர்கள். அங்கிருந்து கிளம்ப வேண்டுமென்றால் முதலில் பின்னால் எடுக்க வேண்டும்.

"ஏறுங்க. நீங்கதான் முதல்ல ஓட்டணும்" என்று இவரிடம் சொன்னேன்.

"மச்சான் ஓட்டட்டும். இனிமே அவர் படகுதான?"

"ஒரே ஒரு தடவைங்க. எனக்காக."

"மச்சான் ஓட்டட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அப்படியே ஏரியில் தள்ளியிருப்பேன். இத்தனை நாள் தலைகீழாக நின்று செய்த வேலையெல்லாம் அண்ணன் உட்காரத்தானா? ஓட்ட மாட்டேன் என்கிறவர் லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழுத்துவரை ஜிப் போட்டு எதற்கு மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று ஒரு நொடி தோன்றியது. யோசிக்க நேரமில்லை. அண்ணன் ஏறிவிட்டான். நானும் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன்.

"இது என்னம்மா லிவர் இந்தப் பக்கம்?"

"பழகிடும் அண்ணே. மெதுவா பின்னால எடு."

அண்ணன் லிவரைப் பின்னால் இழுத்தான். படகு முன்னால் போய் டயரில் இடித்தது.

"என்ன இது?" என்று பதறி இன்னும் பின்னால் இழுத்தான். இன்ஜின் உறும, படகு டயரை முட்டு முட்டென்று முட்டியது. அண்ணனின் தொப்பி தண்ணீரில் விழுந்தது. பக்கத்துப் படகில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் பாய்ந்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன்.

"ரிவர்ஸ் போட்டா முன்னால பாயுது! மெக்கானிக்கைக் கூப்பிடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வலது சுவரில் இருந்த பெட்டியை இடது சுவரில் மாட்டினால் அதன் முகம் திரும்பிவிடுகிறது. முகம் திரும்பினால் முன் பின்னாகும். சட்டையின் வலது கைத் துணியை எடுத்து இடது கைப் பக்கம் வைத்துத் தைக்கிற மாதிரிதான். அந்தத் தப்பைச் செய்த எத்தனை பெண்களைக் கடையில் திட்டியிருக்கிறேன்! வெட்கத்தில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் துறையில் ஏறி, நனைந்த தொப்பியைப் பிழிந்தான். "மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. இது எனக்குச் சரிப்படாது. நான் புதுசாவே ஒண்ணு பாத்துக்கறேன்."

"உங்க இஷ்டம் மச்சான்" என்றார் இவர். அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு இடது கையால் புதுக் கைப்பிடியைப் பிடித்து, ஒரே எட்டில் படகுக்குள் வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். லிவரை முன்னால் தள்ளினார், ஒரு கணம்கூடத் தயங்காமல். படகு டயரை விட்டு அமைதியாகப் பின்னால் நழுவியது. அதே கையால் குமிழைப் பிடித்து ஸ்டீரிங்கைச் சுழற்றினார். மூக்கு ஏரிப் பக்கம் திரும்பியது. லிவரைத் தன் பக்கம் இழுத்தார். படகு முன்னால் கிளம்பியது.

கரையில் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலங்களில் கேட்ட டக், டக் சத்தம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"டார்ச் பிடிச்சப்பவே."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா நீ சரி பண்ணிடுவ. சரி பண்ணிட்டா மச்சான் எடுத்துட்டுப் போயிடுவார். குடுத்த வார்த்தையை நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரும்பக் கேக்கிறது?"

"என்னை அத்தனை பேர் முன்னால அசடாக்கிட்டு!"

"மன்னிச்சுக்கோ. எனக்கு வேற வழி தெரியல. எனக்கு இது வேணும்."

கை போனதிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று மட்டுமே சொல்லிவந்த மனுஷன். அவரை நாலு அடி அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. சும்மா தொங்கிய அந்த வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போனதும் பெட்டியைப் பிரிச்சு நேராக்கிடுறேன். வேற யாராவது தெரியாம ஓட்டினா ஆபத்து."

"பண்ணு. டார்ச் நான் பிடிக்கிறேன்."

"ஒழுங்கா பிடிக்கணும். என் கண்ணுல அடிச்சீங்க, கெட்ட கோபம் வரும்."

"சரிங்க மேஸ்திரி" என்று சத்தமாகச் சொல்லி, லிவரைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்தார். படகு வேகம் எடுத்தது.