நிக்கொலஸ் கழற்றிக் கொடுத்த ஹேண்டில்

இஸ்ஹாக்குக்கு ஐம்பத்து நாலு வயது. கற்பிட்டியில் ஹாட்வெயார் கடை, ஊருக்குள் நல்ல பெயர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாயால் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதனை அவமானப்படுத்தியிருந்தார். இப்போது அதே மனிதனின் வீட்டு வாசலில், றேஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் நிற்கிறார். கையில் ஒரு பை மாம்பழம் வேறு. மாம்பழம் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பு!

நடந்தது இதுதான். ஊரில் ஒரு சைக்கிள் கூட்டம் இருக்கிறது; அதைத் தொடங்கியதே இஸ்ஹாக்கும் பக்கத்துத் தலவில ஊர் நிக்கொலஸும்தான். ஒருவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ, மற்றவருக்கு ஞாயிறு பூசை, நடுவில் மிஞ்சியது சனிக்கிழமை. ஆகவே சனிக்கிழமைக்காரர் என்றே ஊரில் பெயர் விழுந்தது. கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை போய்த் திரும்புவார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் தெருவில் தனியாக ஓடினால் உயிர் போய்விடும். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு, முன்னால் போகிறவரை மாற்றி மாற்றித்தான் ஓட வேண்டும். எல்லோரும் குனிந்து ஓடினால்தான் வரிசை நிற்கும் என்பது இஸ்ஹாக் போட்ட சட்டம். வளைந்த ஹேண்டில் இல்லாத சைக்கிளுக்கு வரிசைக்குள் இடமில்லை. இவர் என்ன, பெரிய ஒலிம்பிக் கோச்சா? ஆனால் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு நிக்கொலஸுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்தது. குனியக் கூடாது என்றார் டொக்டர். ஒரு சனிக்கிழமை மனிதர் நேரான ஹேண்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் வழக்கமாக நிற்கும் நுரைச்சோலைத் தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் இருக்கும்போது இஸ்ஹாக் நாக்கூசாமல் சொன்னார்: "இதென்னடா, பாண் வாங்கப் போற சைக்கிளா? இனி மரக்கறிக் கூடையும் கட்டிக்கொண்டு பின்னால வா."

கூட்டம் சிரித்தது. நிக்கொலஸும் சிரித்தார். அடுத்த சனி அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. ரோசம் அடங்கினால் தானாக வருவான் என்று இஸ்ஹாக் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருடச் சிநேகிதம் அத்தோடு முடிந்தது.

இப்போது இவருடைய முறை. இரண்டு கையிலும் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மரத்துப்போயின. பத்துக் கிலோமீற்றர் ஓடினால் பிறேக் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே கைக்குத் தெரியவில்லை. போன கிழமை வரிசையில் முன்னால் போன பொடியன் அக்மலின் பின் சில்லில் கொண்டுபோய் இடித்தார்; அவன் விழாமல் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. ஹேண்டிலை மாற்று, இல்லாவிட்டால் சைக்கிளை விடு என்று டொக்டர் சொல்லிவிட்டார். சைக்கிளை விடுவதா? கிழமையில் ஆறு நாள் ஆணியும் சீமெந்தும் விற்கிற மனிதருக்கு அந்த ஒரு நாள்தான் நாள்.

புத்தளத்தில் மஸாஹிரின் சைக்கிள் கடைக்குப் போனார். அண்ணன் முறைக்கு இவரை நானா என்று கூப்பிடுகிற மஸாஹிர் கையை விரித்தார். "ஹேண்டில் எத்தனையோ விதம் ஈக்கி நானா. எது உங்கட உடம்புக்குச் சரி எண்டு எனக்குச் செல்லத் தெரியா. அந்த வேலை தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கத்துல ஒராள்தான். தலவில நிக்கொலஸ்." இஸ்ஹாக்கின் முகத்தில் ஈ ஆடவில்லை.

கதவைத் திறந்தது நிக்கொலஸின் மனைவி ஜூலியானா. "ஆ, நானாவுக்கு இந்த வீட்டு வழி இன்னும் ஞாபகம் இருக்குதா?" என்றாள். மாம்பழப் பையை வாங்கி மேசையில் வைத்தாள், திறந்துகூடப் பார்க்கவில்லை.

பின்பக்கம் வலை கழுவிக்கொண்டிருந்த நிக்கொலஸ் கையைத் துடைத்தபடி வந்தார். "வாங்க. இருங்க," என்று கதிரையைக் காட்டினார்.

இருபது வருடம் நீ, வாடா, போடா என்று கூப்பிட்டவன் வாங்க என்கிறான். அறைந்திருந்தால்கூட இஸ்ஹாக்குக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நிக்கொலஸ் பழசு எதையும் பேசவில்லை. அளவு நாடாவை எடுத்து இஸ்ஹாக்கின் தோளில் ஒரு எலும்பிலிருந்து மறு எலும்பு வரை பிடித்தார். பிறகு ஹேண்டிலின் அகலத்தைப் பிடித்தார். சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, இவரை ஏறி இருக்கச் சொன்னார். "கண்ண மூடுங்க. கைய நீட்டுங்க. எட்டிப் பிடிக்க வேணாம், அது எங்க போய் நிக்குதோ அங்க விடுங்க."

கை ஹேண்டிலுக்கு நாலு விரற்கடை இங்காலேயே நின்றது.

"உங்கட தோளுக்கு இந்த ஹேண்டில் அகலம் கூட. தூரமும் கூட, வளைவும் ஆழம். பாரம் முழுக்க உள்ளங்கையில நிக்குது, விரல் மரக்காம என்ன செய்யும்? இவ்வளவு காலமும் ஆரோ பெரிய ஆள்ட அளவில ஓடியிருக்கிறீங்க."

உள்ளே போய் ஒரு ஹேண்டிலோடு வந்தார். அதுவும் வளைந்ததுதான். ஆனால் அகலம் குறைவு, வளைவு ஆழமில்லை, கைக்குக் கிட்ட வந்தது, மேற்பக்கம் உள்ளங்கை பதியத் தட்டையாக இருந்தது. ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து அதைப் பூட்டினார். அதைத் தாங்கும் தண்டையும் கட்டையானதாக மாற்றி ஓரங்குலம் உயர்த்தினார். வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த இஸ்ஹாக்குக்குக் கழுத்து, தோள், கை எல்லாம் வேறு ஆளுடையது போலிருந்தது.

"யா அல்லாஹ்! இதுவும் வளைஞ்ச ஹேண்டில்தானே? இத போட்டிருந்தா நீ வரிசைக்குள்ளயே வந்திருக்கலாமேடா!" என்று வாய் தவறிப் பழைய உரிமையில் கத்திவிட்டார்.

நிக்கொலஸ் திருகுச் சாவிகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பதில் சொன்னது ஜூலியானா.

"வந்தாரே! பதினொரு ஹேண்டில் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்து, ஏழு மாசத்துக்குப் பிறகு இது கிடைச்சுது. இது இவர்ட சைக்கிள்ல இருந்தது நானா, இப்பதான் உள்ளுக்குக் கழட்டினார். இது கிடைச்ச உடன வந்த சனிக்கிழமை, இதைப் போட்டுக்கொண்டு விடிய எழும்பிப் போய்த் தலவிலச் சந்தியில நிண்டார், நீங்க ஆராவது வா எண்டு கூப்பிடுவீங்க எண்டு. முன்னால வந்தது நீங்கதான்."

நான் காணவில்லை என்று சொல்ல வாயெடுத்தார் இஸ்ஹாக்.

"கண்டீங்க," என்றார் நிக்கொலஸ்.

கண்டார்தான். அவன் முதலில் கையைக் காட்டட்டும் என்று நினைத்து, தலையைக் குனிந்து, இன்னும் வேகமாக மிதித்துப் போனார். பின்னால் வந்தவர்களும் இவரை விட்டால் பிடிக்க முடியாது என்று மிதித்தார்கள். அதற்குப் பிறகு நிக்கொலஸ் சைக்கிளைத் தொட்டதேயில்லை என்று ஜூலியானா சொன்னாள்.

"எவ்வளவு தர?" என்று கேட்டார் இஸ்ஹாக், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"காசு வேணாம்," என்றாள் ஜூலியானா. "இந்தச் சனிக்கிழமை, அதே தேத்தண்ணிக் கடையில, அண்டைக்குச் சிரிச்ச ஆக்களுக்கு முன்னால, நிக்கொலஸுக்கு நான் செஞ்சது பிழை எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதச் சொன்னா இவரை எப்பிடியும் நான் திருப்பி உங்கட வரிசைக்கு அனுப்புவன்."

"விடு ஜூலி," என்றார் நிக்கொலஸ். ஆனால் உள்ளே போகவில்லை, பதிலுக்காக நின்றார்.

"வல்லாஹி, செல்றேன்," என்று சத்தியம் பண்ணினார் இஸ்ஹாக்.

சனிக்கிழமை வந்தது. காற்று எதிர்க்காற்று. இஸ்ஹாக் முன்னால் ஏறி நுரைச்சோலை வரை யாருக்கும் இடம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு போனார். விரல் ஒன்றுகூட மரக்கவில்லை. வழி முழுக்க அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நிக்கொலஸுக்கு நான் செஞ்சது பிழை. என்ன பெரிய வேலை? நாலு சொல்தானே!

தேத்தண்ணிக் கடையில் கூட்டத்து றிம்ஸான் தொடங்கினான். "என்ன நானா, இண்டைக்கு இருபது வயசுப் பொடியன் மாதிரி! எங்களுக்கு நாக்குத் தள்ளிட்டு." அத்தாஉல்லா ஹேண்டிலைத் தடவிப் பார்த்து, ஆஹா என்றார். எல்லோருடைய கண்ணும் இவர் மேல். புகழ்ச்சி என்றால் இந்த மனிதருக்குத் தேன் குடித்த மாதிரி.

"ஆர் செஞ்சு தந்த?" என்று கேட்டான் அக்மல்.

வசனம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இந்த முகங்கள் எல்லாம் மாறும், இனி யாரும் இவரை இப்படிப் பார்க்க மாட்டார்கள். ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார்.

"புத்தளத்துல, மஸாஹிர்ட கடையில. நான்தான் பார்த்து எடுத்தேன்."

"நிக்கொலஸ் அண்ணனுக்கும் இப்பிடி ஒண்டு கிடைச்சிருந்தா எங்களோட வந்திருப்பார், என்ன?" என்றான் அக்மல்.

"அவனுக்கா? செல்லிக் குடுத்தாலும் விளங்காது." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று இஸ்ஹாக்கின் காதில் விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அக்மல் சிரிக்கவில்லை. கிளாசை மேசையில் வைத்தான்.

"நேத்து ராவு ஜூலியானா அக்கா போன்ல கோல் எடுத்தா, நானா. நீங்க இண்டைக்கு இங்க ஒண்டு செல்லுவீங்களாம், செல்லின உடன எனக்கு அறிவி எண்டா. நிக்கொலஸ் அண்ணன் பழைய நேர் ஹேண்டில பூட்டிக்கொண்டு, சப்பாத்தும் போட்டு, வாசல்ல ரெடியா இருப்பாராம்." அவன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "இப்ப நான் அவவுக்கு என்னத்தச் செல்ல?"