நாற்பது நிமிடத் தகடு

ஒன்பது வயது மகளிடம் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவள் நான். உண்மையைச் சொன்னால் அழுவாளே என்ற பயம். எங்கள் வீட்டில் பிள்ளைகளை எல்லோரும் அப்படித்தான் ஏமாற்றுவார்கள். என் அம்மா ஊசி போட அழைத்துப் போகும்போதும் கடைக்குத்தான் என்பாள். பெட்டியை முந்தின நாளே கணவரின் நண்பர் வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தோம். செருப்பு மாட்டும்போது மகள், "ஒரு ஷார்ப்னர் வாங்கிட்டு வாம்மா" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நாற்பத்தொரு நாள். தினமும் நான் கூப்பிடுவேன், கணவர் எடுப்பார்.

"குளிக்கிறா."

"நேத்தும் இதே நேரத்துக்குத்தானே குளிச்சா?"

"சுத்தமான பிள்ளை" என்பார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது, சும்மா இருக்கவும் வராது.

நான் உலோகத் தகட்டில் படம் வரைந்து அச்செடுப்பவள். தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி வரைவேன். அமிலத்தில் இறக்கினால் ஊசி கீறிய கோட்டை மட்டும் அது அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். எல்லாம் நேரக் கணக்குதான். ஊரில் பத்து நிமிடம் போதும். அந்தக் கணக்கை நம்பித்தான், மூன்று மாதம் தங்கி வேலை செய்யலாம் என்று இந்தப் பட்டறை கூப்பிட்டதும் ஓடி வந்தேன். பதினொரு முறை விண்ணப்பித்துக் கிடைத்த இடம்.

இங்கே குளிர். அமிலமும் போர்த்திக்கொண்டு தூங்கியதோ என்னவோ, முதல் இரண்டு தகடும் கோடே விழாமல் மொழுக்கென்று வந்தன. மூன்றாவதுக்கு ஆத்திரப்பட்டு அமிலத்தைக் கூட்டினேன். மெழுகே உரிந்து மிதந்தது. நான்காவதுக்கு அமிலத் தட்டை வெந்நீரில் வைத்துச் சூடேற்றினேன். குபுகுபுவென்று புகை கிளம்ப, பட்டறைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "உங்களுக்கு உட்காரவே தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். சுருக்கென்றது.

தெரியாதுதான். குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் பட்டறைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றும்; எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. என் அறைக்குக் கீழே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்று இருந்தது. துவைக்கத் துணி இல்லாத நாளிலும் அங்கே போய் நிற்பேன். இயந்திரங்களின் வட்டக் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் யார் யாருடைய சட்டைகளோ புரண்டுகொண்டிருக்கும். ஒருநாள் சின்னப் பெண்ணின் பள்ளிச் சீருடை ஒன்று சுற்றியது. அதன் கை கண்ணாடியில் வந்து ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். மறுநாள் அதையே தகட்டில் வரைந்தேன்.

இந்த முறை ஒழுங்காகச் செய்வதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு துண்டுத் தகட்டை ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டிக் கூட்டி அரிக்கவிட்டுச் சோதித்தேன். நாற்பதில்தான் கோடு கறுப்பாக விழுந்தது. பத்து நிமிடக்காரிக்கு நாற்பது நிமிடம் என்பது ஒரு யுகம். ஆனால் பட்டறையில் செய்த படங்களைப் பார்க்கப் பார்வையாளர்கள் வருகிற நாளுக்கு மூன்றே நாள் இருந்தது. சுவரில் மாட்ட என்னிடம் வேறு படம் இல்லை, வேறு தகடும் இல்லை.

மதியம் தகட்டை அமிலத்தில் இறக்கினேன். அமில அறை கீழ்த்தளத்தில். அங்கே போனில் சிக்னல் இருக்காது. பட்டறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கடிகாரத்தில் மணி வைத்துவிட்டுப் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். முப்பத்தெட்டாவது நிமிடம், மேல்படியில் நிற்கும்போது போன் அடித்தது. வீட்டு எண். வீட்டிலிருந்து யாரும் என்னைக் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"அம்மா, கடையில இன்னும் கூட்டமா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கடைக்கு வரல கண்ணு. பொய் சொல்லிட்டு வந்துட்டேன். தப்புதான்."

"தெரியும். பரண்ல பெட்டி இல்ல, அன்னைக்கே பாத்தேன். அப்பவாவது சொல்லுவியான்னுதான் ஷார்ப்னர் கேட்டேன். நீ சரின்னு தலையாட்டுற."

கீழே மணி அடித்தது. நாலு படி இறங்கினாலே போன் அறுந்துவிடும். 'ரெண்டு நிமிஷம் இரு, இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் ஓட வேண்டும். வாயையும் திறந்துவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்வது? படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பேசினாள். கோரைப்பல் விழுந்ததை, வகுப்பில் இடம் மாற்றிவிட்டதை, அப்பாவின் சமையல் வாயில் வைக்க விளங்காததை, அவர் தலை பின்னினால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவிழ்ந்துவிடுவதை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் போனை வைத்தபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது.

கீழே போய்த் தகட்டை எடுத்தால், நெருக்கமாகப் போட்டிருந்த கோடுகளெல்லாம் இடிந்து ஒன்றோடொன்று கலந்து அகலமான பள்ளங்களாகிவிட்டன. அகன்ற பள்ளத்தில் மை நிற்காது. அச்செடுத்துப் பார்த்தால் சட்டையும் இல்லை, கையும் இல்லை. ஓரம் மட்டும் கறுத்த வெளிறிய வட்டங்கள்தான். வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பட்டறைக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "எங்க போயிட்டீங்க?"

"எங்கயும் போகல. உட்கார்ந்திருந்தேன்."

பார்வையாளர் நாளில் அதையேதான் மாட்டினேன். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் வீடியோவில் மகளுக்குக் காட்டினேன்.

"என்னம்மா இது, ஒண்ணுமே இல்ல?"

சமாளிப்பாக ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நல்லாத்தான் வரைஞ்சேன். நீ அன்னைக்குப் பேசிட்டே இருந்தியா, கெட்டுப்போச்சு."

"பிள்ளைகிட்டப் போய் என்ன பேச்சு இது?" என்றார் கணவர், பின்னாலிருந்து.

"நானா கெடுத்தேன்?" என்றாள் மகள்.

"நீதான். முழுசா கெடுத்துட்ட."

இதுவும் பொய்யா என்று பார்ப்பவள்போல என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள்.

"சரி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கெடுக்கட்டும்?"