எட்டு மணி ரவுண்ட்ஸ்

...வெளியேறிய தேதி என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை, ஒரு கோடுகூட இழுக்கவில்லை, கிளார்க் ஒருவன் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன அர்த்தம் என்று சேசுராஜுக்குத் தெரியாதா, துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக அவரே விட்ட காலிக் கட்டங்கள் எத்தனை, டீ வந்திருக்கும், எழுந்து போயிருப்பான், திரும்பி வந்து அடுத்த வரியில் அடுத்த பெயர்... ரயில் வடாலாவை விட்டுக் கிளம்பியது. கால்களுக்கு நடுவே மூன்றடிச் சட்டத்துக்குள் அப்பா, பழைய பேப்பரில் சுற்றிக் கட்டியது, கூட்டம் இடித்ததில் தாள் கிழிந்து ஒரு தோளும் மூன்று நட்சத்திரங்களும் மட்டும் வெளியே. சட்டைப் பையில் மத்தியானம் வந்த கடிதம், ராணுவ மருத்துவப் பிரிவுகளின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகத்திலிருந்து, எட்டு மாதம் காக்கவைத்துவிட்டு, அந்தக் காலிக் கட்டத்தோடு ஒரே ஒரு தாள். ஆறு மணிக்குச் செம்பூரில் ஊர்க்காரர் சங்கத்தின் ஆண்டு விழா, படத்திறப்பு, ‘கேப்டன் டாக்டர் சவரியப்பன்’ என்று துணியில் எழுதித் தொங்கவிட்டாயிற்று, இன்னும் ஐந்து ஸ்டேஷன், அதற்குள் என்ன செய்ய, தாளைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விடுவதா, இல்லை அப்பாவையா?

கடிதம் போடச் சொன்னதே தலைவர் பிரம்மநாயகம்தான், சமுதாயச் செம்மல் பிரம்மநாயகம், அந்தப் பட்டத்தைச் சங்கம் வழங்கியபோதும் தலைவர் அவர்தான், மாலையைத் தானே வாங்கிவந்து கூச்சத்தோடு கழுத்தை நீட்டியவர். “விழா மலர்ல போடணும்னா அத்தாட்சி வேணும் வே, நாளைக்கு ஒரு பய வாயத் திறக்கக் கூடாது பாத்துக்கிடும்” என்றார். அத்தாட்சி! தாராவிக்கு வந்தபோது அப்பா வெறும் சவரியப்பன், டிரங்குப் பெட்டியில் சிவப்புச் சிலுவை போட்ட எனாமல் குவளை ஒன்று, பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்று, தோல் கிடங்கில் கையைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவார், கட்டு அத்தனை சுத்தம். சேசுராஜ் கிளார்க் ஆனபோது அப்பா கம்பவுண்டர் ஆனார், ஹெட் கிளார்க் ஆனபோது டாக்டர், இறந்து நாலு வருஷம் கழித்து, மகனுக்குச் சங்கச் செயற்குழுவில் இடம் கிடைத்த மாதம், கேப்டன். கடைசி நட்சத்திரம் படம் வரைகிற பூலோகத்தின் உபயம். “ரெண்டு போட்டிருக்கேன் சார், இன்னும் ஒண்ணு போட்டா கேப்டன் ஆயிருவாரு, போட்டுரட்டா? அதுக்குத் துட்டு வேண்டாம்.” வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததா? மூலப் படத்தில் அப்பா ஓர் இரும்புக் கட்டிலின் ஓரத்தில் நிற்கிறார், தொளதொளவென்று ஒரு கோட்டு, பூலோகம் கட்டிலை எடுத்துவிட்டு மலையும் கொடியும் வரைந்தான், எந்த நாட்டுக் கொடி என்று இவர் கேட்கவில்லை. “பெல்ட்டு இல்லியே சார், ஆபீசருக்கு பெல்ட்டு இருக்கும்லா?” என்று அவன்தான் கேட்டான். வரைந்துவிடு என்றார். மனநோய் வார்டில் பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்...

“யே சாப் கோன் ஹை?” எதிரில் உட்கார்ந்திருந்த டிபன்பெட்டிக்காரன் நட்சத்திரங்களைப் பார்த்து, யார் இவர் என்று கேட்டான். மேரா பாப், என் அப்பா, மிலிட்டரி டாக்டர், கேப்டன், என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, அவன் எழுந்து படத்துக்கு இடம் கொடுத்தான், சல்யூட்டும் வைத்தான். கேப்டன் உட்கார்ந்தார், ஹெட் கிளார்க் பக்கத்தில் நின்றார். சுன்னாபட்டி. பையில் இருந்த தாள் நெஞ்சில் உறுத்தியது. கள ஆம்புலன்ஸ் பிரிவு, ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், நாலு மாதம், ஊழியர் பட்டியலில் அவ்வளவுதான், அடுத்த வரி நோயாளிகள் பதிவேட்டிலிருந்து, 1944 ஜூலை, அசாம், மனநோய் வார்டு, சேர்க்கப்பட்டார். சேர்க்கப்பட்டார், அப்புறம் காலிக் கட்டம். நாலு மாதத்தில் எத்தனை பேரைத் தூக்கியிருப்பார், அதில் எத்தனை பேர் தூக்கும்போது உயிரோடு, இறக்கும்போது...

காலையில் மில் சங்கு எட்டு மணிக்கு ஊதும், அதற்குள் அப்பா விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் குதிகால் சேர்த்து நிற்பார், கைகளை நீட்டிப் புரட்டிக் காட்டுவார், நாக்கை நீட்டுவார். ரவுண்ட்ஸ், பழைய டாக்டர் இல்லையா, பழக்கம் விடவில்லை, என்று அக்கம்பக்கத்துக்கு இவர்தான் விளக்கம் சொன்னார். மனைவி ஏஞ்சலம்மாள் ஒரே ஒருமுறை கேட்டாள், “ஏங்க, ரவுண்ட்ஸ் போற டாக்டர்னா நடக்கணும்லா? மாமா எதுக்கு நின்னுக்கிட்டே இருக்காவ?” உனக்கு என்ன தெரியும் போடி என்று வாயை அடைத்தார். அடைத்தது அவள் வாயையா... குர்லாவில் கூட்டம் உள்ளே தள்ளியது. எட்டு பன்னிரண்டு வண்டியைப் பிடிக்க ஓடும்போது இவர் கட்டிலருகே ஒரு கணம் நிற்பார், சட்டையைச் செருகிக்கொண்டு, பையில் பேனா, கையில் ஃபைல், “குட் மார்னிங் டாக்டர்” என்பார், பிள்ளைகள் சிரிக்கும். அப்பா சிரித்ததில்லை. பேனாவையே பார்ப்பார். “போலாமா சார்?” என்பார், மெதுவாக, ஒவ்வொரு நாளும். பெற்ற மகனை சார் என்கிறார், எப்பேர்ப்பட்ட ராணுவ ஒழுங்கு பாருங்கள் என்று இதைக்கூட மலருக்கான கட்டுரையில் எழுதிக் கொடுத்தாயிற்று, அச்சாகியும் விட்டது, பன்னிரண்டாம் பக்கம்... ஒரு நாளாவது நின்று பதில் சொல்லியிருந்தால்? என்ன பதில், போகலாம் என்று ஒரே வார்த்தை, கட்டத்தை நிரப்ப ஒரு வார்த்தை போதும், பேனா பையில்தானே இருந்தது, ஆனால் எட்டு பன்னிரண்டு...

திலக் நகர் போய்விட்டது. பிரம்மநாயகம் வாசலில் ரோஜாமாலையோடு நிற்பார், அத்தாட்சி எங்கே வே என்பார், இருக்கிறது தலைவரே, இருக்கிறது. டிபன்பெட்டிக்காரன் தோளைத் தொட்டான், “செம்பூர் உதர்னா ஹை க்யா?” இறங்கணுமா என்று நாள் முழுக்க ஆயிரம் பேர் ஆயிரம் பேரிடம் கேட்கிற கேள்விதான், சேசுராஜ் குனிந்து பார்த்தார், குதிகால்கள் சேர்ந்திருந்தன, எப்போது சேர்ந்தன? வண்டி நின்றது. சீட்டில் கேப்டன், பக்கத்தில் இவர், யாராவது போகலாம் என்று சொன்னால் இறங்கிவிடலாம்.